வாக்காளர் அட்டையோடு வெளிநாடு

கேள்வி: தீபாவளி போனஸை வைத்து வெளிநாடு பார்க்க முடியுமா? என்னிடம் பாஸ்போர்ட்கூட இல்லை.
– வாசகர், விஸ்வநத்தம்

பதில்: தாராளமாக! நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம்; தரைவழி போனால் வாக்காளர் அட்டையே போதும். தீபாவளி முடிந்து உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை லீவு விடும் நாட்கள்தான் அங்கே மழை ஓய்ந்து இமயம் பளிச்சென்று தெரியும் பருவம். சென்னையிலிருந்து கோரக்பூருக்குச் சுமார் இரண்டு நாள் ரயில், பிறகு எல்லை ஊரான சுனௌலிக்குப் பேருந்து. எல்லையை நடந்தே தாண்டலாம். தாண்டியதும் கடிகாரத்தில் 15 நிமிடம் கூட்டுங்கள். வெளிநாடு வந்ததற்கு அதுவே அத்தாட்சி! பக்கத்திலேயே புத்தர் பிறந்த லும்பினி, அசோகர் நட்ட தூண். அவசியம் பாருங்கள். பூட்டானுக்கும் இந்த அட்டை செல்லும், ஆனால் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு. ரயிலில் மத்தாப்புகூட எடுத்துச் செல்லக் கூடாது. பதிலாகச் சாத்தூர் காராச்சேவு எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டுச் செலவு பாதியாகும்.