ஏகமனதாக நிறைவேறியது

கிராம மக்களின் கருத்தைக் கேட்பதில் நம் அரசுக்கு அப்படியொரு ஆவல். வருஷத்துக்கு நான்கு கிராம சபை போதாதென்று, 2022-இல் தண்ணீர் தினத்தையும் உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாக்கிவிட்டார்கள். தண்ணீர் வராத ஊரில் தண்ணீர் தினத்தன்று கூடித் தண்ணீரைப் பற்றிப் பேசலாம். ஜனநாயகத்தில் வேறென்ன வேண்டும்?

மூவாயிரம் பேர் உள்ள ஊராட்சி என்றால் நூறு பேராவது வந்தாக வேண்டும். அதற்கென்ன கஷ்டம்? “மீட்டிங்குக்கு வரலன்னா வேலையில பேரு இருக்காது” என்று நூறு நாள் வேலைக்காரர்களிடம் ஒரு வார்த்தை. கோரம் ரெடி.

கூட்டத்துக்கென்று அரசு அனுப்பும் பற்றாளர் வருவார். தீர்மானங்கள் அவருக்கு முன்பே அச்சாகி வந்திருக்கும்: டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு. செயலர் வாசிக்க வாசிக்க, எல்லாம் ஏகமனதாக நிறைவேறும். எதிர்க்க ஆளேது? கொசுவுக்கு ஓட்டு இல்லை.

பின்னாலிருந்து ஒரு பாட்டி எழுந்திருப்பார். “குழா போட்டீங்க சாமி, கன்னுக்குட்டி கட்ட நல்லாத்தான் இருக்கு. தண்ணி எப்ப வரும்?” பாட்டிக்குக் கணக்கு தெரியாது. குழாய் நட்டால் இணைப்பு; இணைப்பு கொடுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடித்தாயிற்று. 2019-இல் ஜல் ஜீவன் தொடங்கியபோது 2024-க்குள் வீட்டுக்கு வீடு குழாய் என்றார்கள். கெடு 2028-க்கு நகர்ந்துவிட்டது. பாட்டிதான் குடத்தோடு அங்கேயே நிற்கிறார்.

காலனித் தெருப் பையன் சுடுகாட்டுக்குப் பாதை கேட்பான். “இது பொதுக்கூட்டம் தம்பி, தனிப்பட்ட பிரச்சினைய மனுவா குடு.” செத்துப் போவது தனிப்பட்ட விஷயமாம்! பிணத்தை வரப்பில் வழுக்கி வழுக்கித் தூக்கிப்போகும் நாலு பேரும் அவரவர் சொந்த வேலையாகத்தான் போகிறார்கள் போலும்.

தலைவரிடம் முறையிடலாமே என்பீர்கள். 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்தச் சொல்கிறது அரசியல் சட்டம். 2016-இலும் சொன்னது. அப்போது மூன்று வருஷத்துக்கு மேல் எங்களுக்குத் தலைவரே கிடையாது. சட்டத்துக்கும் தனிப்பட்ட பிரச்சினை ஏதாவது இருந்தால் மனுவாகக் கொடுக்கட்டும்.

பஸ் கதை தனி. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நல்ல திட்டம்தான், குறையில்லை. ஆனால் வராத பஸ்ஸில் ஆம்பளைக்கும் டிக்கெட் கிடையாது. ரோடு சரியில்லை என்று டவுன் பஸ்ஸை நிறுத்தினார்கள். விடச் சொல்லி சபைக்குச் சபை கேட்கிறோம். “ஆவன செய்யப்படும்” என்று எழுதிக்கொள்கிறார்கள். கர்ப்பிணி ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போகிறாள். அதே ரோட்டில், அதே குழிகளில், டாஸ்மாக் கடைக்குச் சரக்கு லாரி மட்டும் மழை வெயில் பாராமல் வந்து நிற்கிறது. கடையை எடுங்கள் என்று தீர்மானம் போடச் சொன்னால், “அது நம்ம அதிகாரத்துல இல்லீங்க” என்கிறார் பற்றாளர்.

சரி, அந்தக் கடை வேண்டுமென்று எந்தக் கூட்டத்தில் ஐயா நாங்கள் கை தூக்கினோம்? தீர்மானப் புத்தகம் உங்கள் கையில்தானே இருக்கிறது. பக்கத்தைக் காட்டுங்கள்.