கொடுத்து வைத்த பிள்ளைகள்

மலைநாட்டுத் தோட்டத்துப் பிள்ளைகளைப் போலக் கொடுத்து வைத்தவர்கள் இலங்கையில் வேறெங்கும் இல்லை. கொழும்புப் பிள்ளை பள்ளி விட்டதும் கணக்கு டியூஷனுக்குப் பணம் கட்ட வேண்டும். விஞ்ஞானத்துக்குத் தனியாக, ஆங்கிலத்துக்குத் தனியாக. ஹட்டன், பொகவந்தலாவை, அக்கரப்பத்தனைப் பக்கம் அந்தக் கவலையே இல்லை. பள்ளி விட்டதும் தொண்டு நிறுவனப் பட்டறையில் ஆளுமை விருத்தி இலவசம். தலைமைத்துவம் இலவசம். தன்னம்பிக்கையும் இலவசம், கூடவே பணிஸும் பிளேன்டீயும். கணக்கு வாத்தியார் மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்துத்தான் என்ன? அவரால் ஒரு பாடத்தைத்தான் சொல்லித்தர முடியும். பட்டறை நடத்த வருகிற வளவாளரோ வாழ்க்கையையே சொல்லித்தருகிறார்.

இந்த வளவாளர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். விடியக் காலையில் கொழும்பிலிருந்து டபள் கெப்பில் புறப்பட்டு, கினிகத்தேனை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேருகிறார்கள். வந்ததும் உட்காருவதில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, பிள்ளைகளைக் கை தட்ட வைத்து, ஒற்றைக் காலில் நிற்க வைத்து, சிங்கம் மாதிரியும் குரங்கு மாதிரியும் கத்த வைத்து உற்சாகம் ஊட்டுகிறார்கள். (பள்ளிக்கு மலையேறிப் போய் மலையிறங்கி வந்த பிள்ளைக்கு உடற்பயிற்சி போதாதல்லவா.) அப்புறம் கனவு மரம். பிரிஸ்டல் போர்டில் பழுப்பாக ஒரு தண்டு வரைந்து சுவரில் ஒட்டுவார்கள். பச்சைத் தாளை இலை இலையாக வெட்டி ஆளுக்கொன்று கொடுப்பார்கள். "தங்கச்சி, வெக்கப்படாம எழுதுங்க, நீங்க என்னவா வரப்போறீங்க?" அம்மா மலையில் இருபதாவது கிலோ கொழுந்துக்கு ஓடிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில், மகள் ஓர் இலையில் 'டொக்டர்' என்று எழுதிக் கொண்டுபோய் ஒட்டுகிறாள். அவளுடைய பள்ளியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது என்ற சில்லறை விஷயத்தை எழுத மரத்தில் இலை மிச்சமில்லை. மரம் நிரம்பியதும் படம் பிடிக்கிறார்கள். படம் அழகாகவே விழுகிறது.

அடுத்த அமர்வு உடல்மொழி. நிமிர்ந்து நில்லுங்கள், தோளை விரியுங்கள், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 2016இன் சனத்தொகை, சுகாதார அளவீட்டில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். நாடு முழுவதற்கும் எடுத்தால் 17.3. அன்று அளக்கப்பட்ட வயதுக்காரர்கள்தான் இன்று இந்த வட்டத்தில் நிற்கிறார்கள். உயரம் சோற்றிலும் முட்டையிலும் இல்லை, நிற்கிற விதத்தில் இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல இத்தனை காலம் இவர்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்றே! லயத்துக் கதவில் குனிந்துதான் நுழைய முடியும் என்பதால், நிமிர்கிற பயிற்சியை மண்டபத்தோடு நிறுத்திக்கொள்வதிலும் ஒரு விவேகம் இருக்கிறது.

நேர முகாமைத்துவம் இன்னும் நுட்பமானது. ஒரு வட்டம் வரைந்து 24 மணித்தியாலத்தையும் பங்கு போட வேண்டும். வீணாகும் நேரத்துக்குச் சிவப்பு. பத்தாம் வகுப்புப் பெண்ணின் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் பீலியில் தண்ணீர், தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விடுவது, பள்ளி, திரும்பி வந்து தம்பியைத் தூக்கி வருவது, விறகு, ரொட்டிக்கு மா பிசைவது. சிவப்பு நிறையத்தான் வரும். பீலியில் வரிசையில் நிற்கும்போது பத்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்யலாமே என்று யோசனை சொல்கிறார்கள். குழாய் போட்டுக் கொடுத்தால் அந்த அருமையான நேரமும் கெட்டுப்போகும்.

இலக்கு நிர்ணயம் பற்றிய அமர்வில்தான் தாய்மார் எங்கே தவறினார்கள் என்பது விளங்கும். இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், காலக்கெடு இருக்க வேண்டும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்பது தெளிவான இலக்குத்தான். எண்ணத் தெரிந்த யாரும் அளக்கலாம். காலக்கெடுதான் போடவில்லை போலும். 2015இல் எழுந்த கோரிக்கை 2021 மார்ச்சில் வர்த்தமானியில் ஏறியது. 2024 மே தினத்தையொட்டி 1,700 என்றார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று முடிந்தது. தாய்மாருக்கும் ஒரு நாள் பட்டறை வைத்திருந்தால் இந்த இழுபறி வந்திருக்காது. பட்டறைக்கு வந்தால் அன்றைய சம்பளப் பேர் போய்விடும் என்பது வேறு விஷயம்.

பழைய காலத்தவர்களுக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியவில்லை. 1945இல் கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகளை வெளியே நிறுத்திவிட்டு, 1970களில்தான் அரசாங்கம் அவற்றை ஏற்கத் தொடங்கியது. 1980களில் சுவீடன்காரர்கள் வந்தார்கள். பாவம், பள்ளிக்குக் கட்டடம் கட்டினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஜெர்மன்காரர்கள் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழும்பத் துணை நின்றார்கள். ஓர் ஆசிரியரை உருவாக்க வருஷக்கணக்கு ஆகும். வளவாளரை உருவாக்க இரண்டு நாள் ஹோட்டல் பயிற்சி போதும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம் அரசாங்கம் ஓரளவு பாடம் படித்துக்கொண்டது. பெருந்தோட்டப் பள்ளிகளுக்கென்று சுமார் 3,000 ஆசிரிய உதவியாளர்களை எடுத்து, மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவில் தன்னம்பிக்கையோடு வாழ்வது எப்படி என்று செய்முறையாகவே காட்டியது.

1960களில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் படிப்பித்த இர. சிவலிங்கத்தின் கதை இன்னும் பரிதாபம். மாணவர்களையும் வாலிபர்களையும் கூட்டிவைத்துப் பேசினார், வாசிக்க வைத்தார், எழுத வைத்தார், மேடையேற்றினார். மலைநாட்டு நல்வாழ்வு வாலிபர் சங்கம் என்று ஒன்றையும் நடத்தினார். அந்தக் காற்றில் வளர்ந்தவர்கள் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் தொழிற்சங்கக்காரர்களாகவும் வெளியே வந்தார்கள். ஆனால் வரவுப் பதிவேடு? முன்மதிப்பீடு, பின்மதிப்பீடு? பயனாளிகளின் எண்ணிக்கை? ஒன்றுமில்லை. ஒரு டீசேர்ட்டாவது அடித்திருக்கலாம். பிள்ளைகள் படித்து, கேள்வி கேட்கவும் பழகினார்கள். அதுவும் பெரும்பாலும் துரைமாரையும் மந்திரிமாரையும் பார்த்து. இன்றைய திட்டங்கள் இந்த விஷயத்தில் மிகவும் முன்னேறியவை. தலைமைத்துவம் முழுவதும் கற்றுத் தேர்ந்த பிள்ளை பீலியைப் பற்றியோ வாத்தியாரைப் பற்றியோ ஒரு மனுகூட எழுதுவதில்லை. தன் மனப்பான்மையை மாற்றிக்கொள்கிறது.

வளவாளர் சேர்மாருக்கு வருத்தம் தருகிற ஒரே விஷயம் இடைவிலகல். எத்தனை கனவு இலை ஒட்டினாலும் சாதாரண தரத்தோடு சில பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போய்விடுகின்றன. 2021 ஜூலையில் டயகமையைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் வேலைக்கு இருந்த வீட்டில் தீக்காயப்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்தாள். சிறுவர் உரிமை என்ற அமர்வு நிகழ்ச்சி நிரலில் இருக்கத்தான் செய்கிறது: தேநீருக்குப் பிறகு, குழுப்படத்துக்கு முன், இருபது நிமிடம்.

கொடுக்கிறவர்களையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டுக் கடையில் தேயிலைப் பெக்கட் வாங்குகிற ஒருவர், அதன் பின்பக்கத்தில் சிரிக்கிற பிள்ளையைப் பார்த்து மனம் இளகிச் சில சதம் கூடக் கொடுக்கிறார். அந்தச் சதம் எத்தனையோ கை மாறி, கொழுந்து பறித்தவளின் சம்பளப் பக்கம் தவறியும் எட்டிப் பார்க்காமல், பத்திரமாக அவள் மகளின் தன்னம்பிக்கையாக வந்து சேருகிறது. அம்மாவிடமே கொடுத்திருந்தால் அரிசி, கொப்பி, சப்பாத்து என்று அநியாயமாகச் செலவழித்திருப்பாள்.

திட்டக் காலம் முடிந்ததும் நிலைபேறு என்ற பெயரில் எல்லாப் பொறுப்பையும் சமூகத்திடம் ஒப்படைத்துவிட்டு, அடக்கமாக விலகிக்கொள்கிறார்கள். அலுமாரியையும் புரொஜெக்டரையும் கெப்பில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பேனரை மட்டும் நமக்கே விட்டுப் போகிறார்கள். 'நாளைய தலைவர்கள்' என்று இரண்டு மொழியில் அச்சடித்த நல்ல கனமான பேனர். பணிய லயத்தில் தகரம் ஒழுகுகிற ஒரு காம்பராவுக்கு மேலே அதை விரித்துக் கல் வைத்திருக்கிறார்கள்; இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்கிறது. இவ்வளவு பயன் தந்த உதவி வேறில்லை என்பதால் அடுத்த கட்டத்துக்கு ஒரு சின்ன விண்ணப்பம்: அகலத்தில் இன்னும் நாலு அடி கூட்டி அடித்தால் பக்கத்துக் காம்பராவுக்கும் எட்டும்.