பிரபுவும் பட்லரும்

கே: ‘ப்ளூ மார்னிங்’ மங்காவில் இளம் பிரபுவுக்கும் அவர் வீட்டு பட்லருக்கும் காதல். அந்தக் காலத்து நம்மூரில் நடந்திருந்தால் ஜெயில்தானே?
– வாசகி, வில்லியனூர்

ப: ஜெயில் இல்லை! ஷோகோ ஹிதாகா வரைந்த அந்தக் கதை ஜப்பானின் மெய்ஜி காலத்தது. அப்போது வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கையில். ஓரினக் காதலை பிரான்ஸ் 1791-லேயே குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எல்லை தாண்டி ஆங்கிலேயரின் கடலூரில் கால் வைத்தால்தான் அதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377. அந்தச் சட்டம் 1963-ல் இங்கும் வந்து, 2018 செப்டம்பர் 6 வரை நம்மவர்களை வதைத்தது. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஆனால், பாகூர்ப் பண்ணை வீட்டுத் திண்ணையோரம் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நிற்கும் காரியஸ்தர், சின்ன முதலாளியிடம் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா? கதையின் பட்லர் கத்சுராகி சொல்கிறார். அதனால்தான் எட்டுத் தொகுதிகளையும் விடாமல் படித்தேன்.