மார்கழிக் கல்யாணங்கள்

கேமரா பெரியப்பா கேமராப் பெட்டியைப் பிரித்ததே ராகு காலம் கழிந்த பிறகுதான். உங்கள் வீட்டில் அவர் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கலாம், ஆள் ஒருவர்தான். சட்டைப் பையில் பாக்கெட் காலண்டர், வாயில் குளிகையும் எமகண்டமும். பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் முகூர்த்த நேரத்தை அவர் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

பேட்டரியை உள்ளே தள்ளியதும் கேமரா அடக்கமாகக் கேட்டது: இன்று என்ன தேதி, இப்போது மணி என்ன? "என்னமோ கேக்குது" என்று ஓகேயை அமுக்கினார். அன்றிலிருந்து அவர் எடுக்கும் படங்களின் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் 01/01/2000. அந்த மூலையில் எப்போதும் குள்ளமான அத்தைதான் நிற்பார். புடவை மாறும், முந்தானையில் தேதி மாறாது.

தம்பி மகன் ஒரு தீபாவளிக்குச் சரிசெய்து கொடுத்தான். பொங்கலுக்குப் பார்த்தால் மறுபடி 2000. எல்லாம் பெரியப்பாவின் சிக்கனம். விசேஷம் முடிந்ததும், "சும்மா கிடந்தா சார்ஜ் இறங்கிடும்" என்று பேட்டரியைக் கழற்றி மஞ்சள் பையில் சுற்றி பீரோவில் வைத்துவிடுவார். கடிகாரத்தை ஓட்டவென்றே கேமராவுக்குள் ஒரு பொடி பேட்டரி உண்டு. பெரிய பேட்டரிதான் அதற்குச் சோறு போட வேண்டும். சில நாள், மிஞ்சினால் சில வாரம் பட்டினி தாங்கும். பெரியப்பாவோ அடுத்த வளைகாப்புக்குத்தான் பீரோவைத் திறப்பார்.

2000 ஜனவரி 1, சனிக்கிழமை. மார்கழி மாதம். மார்கழியில் பெண் பார்க்கக்கூடப் போகக் கூடாதென்று எத்தனையோ சம்பந்தங்களைத் தைக்குத் தள்ளிய மனிதர், கேமராவின் கணக்குப்படி நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து அனைத்தையும் அதே மார்கழிச் சனிக்கிழமை, நள்ளிரவு தாண்டியதும் ஒரே மூச்சில் நடத்தி முடித்திருக்கிறார்.

ஆனால் அடுத்தவர் கடிகாரம் தப்பினால் பொறுக்க மாட்டார். சிங்கப்பூர் மருமகனின் கேமரா அந்த ஊர் நேரத்திலேயே, இரண்டரை மணி முன்னால் ஓடியது. உள்ளூர் ஃபோட்டோகிராஃபர் எடுத்த படங்களோடு சேர்த்து நேர வரிசையில் அடுக்கினால், பந்தி முடிந்த பிறகுதான் தாலி ஏறுகிறது. "தாலி கட்டுமுன்னே இலை போட்டாச்சா? கலிகாலம்!" என்று கொதித்தார்.

அத்தை முந்தானையில் அச்சாகிவிட்டதை ஒன்றும் செய்ய முடியாது. படத்துக்குள் எக்சிஃப் என்று ஒளிந்திருக்கும் தேதியையாவது கம்ப்யூட்டரில் திருத்தலாமென்று மகள் உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்தக் காதுகுத்து எப்போப்பா?"

பெரியப்பா பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்தார்.

"எழுதிக்கோ. 2009, ஆகஸ்ட் 30, ஞாயித்துக்கிழமை, காலையில ஏழரைக்கு மேல ஒம்பதுக்குள்ள. அத்தை பக்கத்துல மீசையோட நிக்கிறாரு பாரு, அம்பத்தொண்ணு எழுதிட்டு ரெண்டு பந்தியில உக்காந்தவரு."