மஞ்சள் கிரீட விசுவாசி

ஊரில் இருக்கும்போது அவரைப் பார்த்தால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். அயோவாவிலோ ஒஹாயோவிலோ ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், நசுங்கிய கார்களின் புகைப்படங்களைப் பார்த்து ‘இதற்கு இவ்வளவு தரலாம், இதற்குத் தரவேண்டியதில்லை’ என்று எழுதும் உத்தியோகம். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். பக்கத்து வீட்டு நாய் தன் புல்வெளியில் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போனாலும், ‘வாயில்லா ஜீவன்’ என்று தானே அள்ளிப் போடுவார். தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது மனைவிக்கே தெரியாது.

இப்பேர்ப்பட்டவரைக் கோடை விடுமுறையில் தெற்குக் கலிபோர்னியாவுக்குக் கூட்டிவந்து, டிஸ்னிலேண்டு வரிசைகளில் வெயிலில் வாட்டி எடுத்து, ஒரு சாயங்காலம் பக்கத்து ஊரான பியூனா பார்க்கில் ‘மெடீவல் டைம்ஸ்’ கோட்டை வாசலில் இறக்கிவிட வேண்டும். அப்புறம்தான் வேடிக்கை.

கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள். போக்குவரத்து மிகுந்த பெரிய சாலை ஓரம், கார் நிறுத்தும் திடலுக்குப் பக்கத்தில், கொத்தளமும் கொடியுமாக நிற்கிற கட்டடம். ஸ்பெயினில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் தொடங்கிய வியாபாரம் இது. 1983இல் புளோரிடா மாநிலத்துக் கிஸ்ஸிமியில் முதல் அமெரிக்கக் கோட்டை எழுந்தது. பியூனா பார்க் கோட்டையைத் திறந்தது பதினோராம் நூற்றாண்டில் அல்ல, 1986இல். சாப்பிட்டுக்கொண்டே குதிரை வீரர்களின் சண்டையைப் பார்க்கலாம். அல்லது சண்டையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். எது பிரதானம் என்பது கோழி வெந்திருப்பதைப் பொறுத்தது.

நுழையும்வரை அவர் பழைய ஆள்தான். தலைக்கு 50 டாலருக்கு மேல் என்பதை நான்கால் பெருக்கி, காரைப் பூட்டும்போதே ஒரு பெருமூச்சு விட்டாயிற்று. “சாப்பாடும் சேர்த்துத்தானே” என்று மனைவி சமாதானம் சொல்லியாயிற்று. உள்ளே வரவேற்பு மேசைப் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, அடுக்கியிருந்த அட்டைக் கிரீடங்களில் மஞ்சளை எடுத்து நீட்டுகிறாள். எந்தப் பக்கத்து இருக்கைகளை நிரப்ப வேண்டுமோ அந்த நிறம், அவ்வளவுதான் கணக்கு. வழியில் பெட்ரோல் போட நிற்காமல் வந்திருந்தால் நீலம் கிடைத்திருக்கும்.

ஆனால் கிரீடம் நெற்றியில் ஏறியதும் கழுத்து நிமிர்கிறது. தோள்கள் விரிகின்றன. “நாம மஞ்சள்” என்று குடும்பத்துக்கு அறிவிக்கிறார். “எல்லாரும் ஞாபகம் வெச்சுக்குங்க. பச்சைக்காரங்களை மட்டும் நம்பாதீங்க.” ஏன் பச்சை, என்ன பகை, யாருக்கும் தெரியாது. கட்சி மாறுவதற்கு நம் ஊர்ப் பெரிய மனிதர்கள்கூட ஒரு ராத்திரி எடுத்துக்கொள்வார்கள்.

மொத்தம் ஆறு வீரர்கள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு-வெள்ளை, அப்புறம் சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒருவர். இந்தக் கலப்பு வீரர் பெரிய அரசியல் சிக்கல். “அவர் நம்மாளாப்பா?” என்று கேட்கிறான் எட்டு வயது மகன். தகப்பனார் யோசிக்கிறார். “பாதி நம்மாளு. அதனாலதான் ரொம்ப ஆபத்து.” பதினைந்து வயது மகள் கிரீடத்தைத் தலையில் வைக்காமல் அதன்மேல் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மனைவி தன்னுடையதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டார். “அதை எடுத்து வெச்சுக்கோ” என்கிறார் இவர், புதிதாக முளைத்த ஒரு குரலில். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் கேட்டிராத குரல்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் கூட்டத்தை ஒரு பெரிய கூடத்தில் நிறுத்திவைப்பார்கள். சுற்றிலும் கடைகள்: மினுக்கும் பிளாஸ்டிக் வாள், கேடயம், கொடி, மதுபானம். டிஸ்னிலேண்டில் மகன் பலூன் கேட்டபோது, “நாளைக்குக் காத்துப் போயிடும்” என்று பொருளாதாரம் பேசிய அதே மனிதர் இங்கே மஞ்சள் கொடி வாங்குகிறார். மகனுக்கு அல்ல, தனக்கு.

அரங்கம் மணல் பரப்பிய நீள்வட்டம். சுற்றிலும் படிப்படியாக நீளப் பலகை மேசைகள், எல்லாரும் மணலைப் பார்த்து உட்கார வேண்டும். முன்பெல்லாம் உயர்ந்த ஆசனத்தில் ஓர் அரசர் இருந்தார். 2017–18 வாக்கில் அவரை எடுத்துவிட்டு அரசியை அமர்த்திவிட்டார்கள். நம்மவருக்கு இது பிடிக்கவில்லை. “அந்தக் காலத்துல எங்கே பொம்பளை ஆண்டா? சரித்திரத்தையே மாத்துறாங்க” என்று மனைவி காதில் முணுமுணுக்கிறார். ஆனால் ஸ்பெயினில் லியோன்-காஸ்டீல் நாட்டை 1109 முதல் 1126 வரை உர்ராக்கா என்ற அரசி ஆண்டிருக்கிறாள், அதுவும் கணவனோடு போர் நடத்திக்கொண்டே. மனைவிக்கும் இந்தத் தகவல் தெரியாததால் அவர் பிழைத்தார். அரசி நுழைந்ததும் முதலில் எழுந்து தலை வணங்கியவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

சரித்திர ஞானம் சாப்பாட்டில் இன்னும் பொங்கும். பரிமாறும் பையன் வந்து, தானே இன்றைய அடிமை என்று சொல்லிக்கொண்டு, கைப்பிடி வைத்த கிண்ணத்தில் தக்காளி சூப்பை ஊற்றிவிட்டுப் போகிறான். கரண்டி கிடையாது, முள்கரண்டி கிடையாது. கிண்ணத்தோடு குடிக்க வேண்டியதுதான். பிறகு பூண்டு ரொட்டி, வாட்டிய கோழி, வெண்ணெய் தடவிய சோளக் கதிர், உருளைக்கிழங்கு. சோளக் கதிரைச் செங்கோல் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்: “பதினோராம் நூற்றாண்டுல இப்படித்தான் சாப்பிட்டாங்க. அச்சு அசல் இப்படியே.”

தக்காளி, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சொத்து. 1492இல் கொலம்பஸ் கப்பல் ஏறிப் போன பிறகுதான் ஐரோப்பா அவற்றைக் கண்ணால் பார்த்தது. அந்தத் தட்டில் பதினோராம் நூற்றாண்டு ஸ்பானியர் ஒருவருக்கு அடையாளம் தெரியக்கூடியவை ரொட்டியும் கோழியும்தான். பக்கத்தில் இருக்கும் பெப்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கையால் சாப்பிட்டார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. முள்கரண்டி அப்போது அபூர்வம், வாஸ்தவம். ஆனால் விருந்துக்கு வருபவர் இடுப்பில் சொந்தக் கத்தியோடு வருவார். கூழுக்கும் குழம்புக்கும் கரண்டி உண்டு. பெரிய வீடுகளில் பந்திக்கு முன் கைகழுவ நீர் ஊற்றுவதே ஒரு சடங்கு. இவர் கழுவவில்லை.

கையால் சாப்பிடுவது எப்படி என்று தெரிந்துகொள்ள அவர் இரண்டு வரிசை தள்ளிப் பார்த்திருக்கலாம். மகன் வீட்டுக்கு வந்திருக்கும் தமிழ்ப் பெற்றோரை இந்த மாதிரி இடங்களில் தவறாமல் காணலாம். பியூனா பார்க் அவர்களுடைய டிஸ்னிலேண்டு யாத்திரையில் ஒரு படித்துறை. சைவச் சாப்பாடு கேட்டு வாங்கிய அம்மாள், வலது கை விரல் நுனியால் மட்டும் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நம்மவர் இரண்டு கையையும் முழங்கைவரை ஈடுபடுத்துகிறார். கோழி எண்ணெய் போனில், கொடியில், கிரீடத்தில். மீசை இருந்திருந்தால் அதிலும்.

இடையில் குதிரைகள் தனியாக வந்து ஆடும். தாளத்துக்குக் கால் மாற்றி, குறுக்கு நடை நடந்து, முன்னங்கால் மடக்கி வணங்கும் ஆண்டலூசியக் குதிரைகள். டெக்சாஸ் மாநிலத்தில் சொந்தப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் கொடுத்த காசு இதற்கே சரியாகிவிட்டது. அவர் அந்த நேரத்தில் கழிவறைக்குப் போய்விடுகிறார். குதிரைக்கு நிறம் கிடையாதே, யாருக்காகக் கத்துவது?

வீரர்கள் தங்கள் பகுதிக்கு முன்னால் வந்து பூ எறிவது ஒரு வழக்கம். மஞ்சள் வீரர், நீளமுடி இளைஞர், பின் வரிசையில் இருக்கும் பாட்டியைப் பார்த்துச் சிரித்துப் பூவை எறிகிறார். பூ பாட்டியிடம் போய்ச் சேரவில்லை. நசுங்கிய கார்களின் நிபுணர் எகிறிப் பிடித்துவிட்டார். மகள் மேசைக்கு அடியில் எதையோ தேடப் போய், அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை.

பிறகு ஈட்டிப் போர். குதிரைகள் எதிரெதிரே பாய, ஈட்டி கேடயத்தில் பட்டுப் படாரென்று உடைகிறது. “குத்து! கண்ணுலயே குத்து!” என்கிறார் வாயில்லா ஜீவனுக்கு இரங்குகிற மனிதர். அப்படிக் குத்துப்பட்டு உண்மையிலேயே செத்த அரசர் உண்டு. 1559இல் பிரான்சின் இரண்டாம் ஹென்றி இப்படி ஒரு விளையாட்டில் உடைந்த ஈட்டியின் சிராய் கண்ணில் ஏறி, பத்து நாள் கிடந்து உயிர்விட்டார். இங்கே எல்லாம் ஒத்திகை பார்த்த அடி. இன்னார் விழ வேண்டும், இன்னார் எழ வேண்டும் என்று வரிசை வைத்த சண்டை. ஆனாலும் ஓடுகிற குதிரையிலிருந்து மணலில் விழுவது விழுவதுதான். அதற்குக் கிடைக்கும் கூலி போதவில்லை என்று 2022இல் இந்தக் கோட்டைக் கலைஞர்கள் தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்தார்கள். 2023 பிப்ரவரியில் வேலைநிறுத்தமே செய்தார்கள். அரசி பக்கத்து ஆட்களும் எதிரி நாட்டு ஆட்களும் ஒரே வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். இதை அவரிடம் சொன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “மஞ்சள் எந்தப் பக்கம் நின்னாரு?”

வாளும் வாளும் உரசிப் பொறி பறக்கிறது. பச்சை வீரர் மஞ்சள் வீரரின் காலை வாரிவிடுகிறார். மஞ்சள் வீரர் மணலில் விழுந்து, இரண்டு முறை உருண்டு, அசையாமல் கிடக்கிறார்.

அவர் எழுந்து நிற்கிறார். தொண்டை கட்டிவிட்டதால் சத்தம் வரவில்லை. கோழி எலும்பு பிடித்த கையால் அரசியை நோக்கி ஏதோ முறையிடுகிறார். “அது தப்பாட்டம். எல்லாருமே பார்த்தாங்க” என்கிறார் பக்கத்து இருக்கைக்காரரிடம். பக்கத்து இருக்கைக்காரரும் மஞ்சள். அரை மணி முன்பு பெயர்கூடத் தெரியாதவர். இருவரும் கண்கலங்காத குறையாகக் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். “எந்திரிச்சுட்டாருப்பா” என்று மகன் காட்டுகிறான். மஞ்சள் வீரர் எழுந்து, தொடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக நடந்து போய்க்கொண்டிருக்கிறார். தகப்பனார் பார்க்க மறுக்கிறார்.

கடைசியில் பச்சைதான் ஜெயித்தது. எதிர்ப் பக்கத்தில் பச்சைக் கிரீடங்கள் குதித்தன. “எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணினது” என்றார் அவர், ஜெயித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாத வாக்கியத்தை. நுழையும்போது எடுத்த குடும்பப் படத்தை விலைக்குக் கொண்டுவந்தார்கள். விலையைக் கேட்காமலே வாங்கினார். அதில் மகள் கண்ணை மூடியிருக்கிறாள், மனைவி பாதிதான் இருக்கிறார். அவருடைய கிரீடம் மட்டும் பிரமாதம்.

வெளிக் கூடத்தில் வீரர்கள் கையெழுத்துப் போட நின்றார்கள். மஞ்சள் வீரருக்கு முன்னால் போனதும் படைத்தலைவர் மாதிரி பேச நினைத்தவருக்கு வார்த்தை வரவில்லை. “முழங்கால் பரவாயில்லையா?” என்று மட்டும் கேட்டார். “ஒண்ணுமில்லை சார், பழகிடுச்சு” என்றார் இளைஞர்.

மனைவி பிள்ளைகளைக் காருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, அவர் சீட்டு விற்கும் பெண்ணிடம் நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு நாலு இடம், மஞ்சள் பக்கத்தில் மட்டும்.

“மஞ்சள் நிறைஞ்சிருச்சு சார். பச்சைதான் இருக்கு.”

அவர் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அந்தப் பச்சைத் தம்பி நல்லாத்தானே சண்டை போடுறாரு?” என்றார்.