ஐந்தேகால் கட்டை

நாற்பது செகண்டு. என் அக்கா கேட்டது அவ்வளவுதான்.

"டேய், வளைகாப்பு வீடியோவுக்கு முன்னாடி போட ஒரு சின்ன மியூசிக் பண்ணிக் குடுடா. நாற்பது செகண்டு போதும். நீதான் வீடு பூரா பெட்டி அடுக்கி வச்சிருக்கியே."

'பெட்டி' என்றது உறுத்தியது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, இட்லி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த இட்லி ஆறி, காய்ந்து, சாயங்காலம் இட்லி உப்புமாவாக மறுபிறவி எடுத்து என் முன்னால் வந்தபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தேன். பதிவான இசை: பூஜ்யம் செகண்டு. இன்று செவ்வாய்க்கிழமை. உப்புமா செரித்துவிட்டது, எரிச்சல் செரிக்கவில்லை.

"அதே சத்தம் கம்ப்யூட்டருக்குள்ளயே வருதே, அப்புறம் எதுக்குங்க இந்தப் பெட்டி?" என்றாள் மனைவி, தட்டை வைத்தபடி. நியாயமான கேள்வி. வெளியில் தனியாக ஒரு சிந்தசைசர் ஏன் வேண்டும் என்பதற்கு மறுக்கவே முடியாத காரணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நடந்தது. சிந்தசைசரின் முதுகிலிருந்து இரண்டு கேபிள் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு. அங்கிருந்து ஒரு யுஎஸ்பி லேப்டாப்புக்கு. ரெக்கார்டு பட்டனை அமுக்கினேன். கீபோர்டில் இன்னும் விரல் வைக்கவில்லை. அதற்குள் திரையில் அலை ஓட ஆரம்பித்துவிட்டது.

ம்ம்ம்ம்ம்ம்ம்.

உங்களுக்கும் தெரியும் அந்த ம்ம்ம். அது கேட்டதும் நாம் எல்லோரும் செய்வதும் ஒன்றேதான். பிடுங்கிச் சொருகுவோம். மறுபடி பிடுங்கி, கொஞ்சம் பக்தியோடு சொருகுவோம். பிறகு போனை எடுத்துப் புதுக் கேபிள் ஆர்டர் போடுவோம். என் அலமாரியில் இருக்கும் கேபிள்களை முடிச்சுப் போட்டால் எங்கள் தெருவிலிருந்து மாம்பலம் ஸ்டேஷன் வரை துணி காயப்போடலாம். அவற்றின் வழியே இதுவரை முழுசாக வெளியே வந்த பாட்டு ஒன்றுகூட இல்லை. எட்டு பாரில் நின்றுபோனவை ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன. கேட்டால் ரஹ்மானைத் துணைக்கு இழுப்பேன்: அவரும் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்புறத்தில்தானே ஸ்டூடியோ கட்டினார்? 1992-ல் 'ரோஜா' வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

ஞாயிறன்று நான் செய்த தவறு, அந்த ம்ம்ம் எந்த ஸ்ருதி என்று பார்த்தது. எரிச்சலூட்டுகிற எதையும் ஆராயக் கூடாது. ஆராய்ந்தால் மரியாதை வந்துவிடும்.

நம் ஊர் கரண்ட் செகண்டுக்கு 50 முறை அலைகிறது. ஐந்து கட்டை ஸட்ஜத்தை அதலபாதாளத்துக்கு இறக்கினால் 49 ஹெர்ட்ஸ். ஐந்தரைக் கட்டை ஏறத்தாழ 52. ஆக, நம் ம்ம்ம் ஐந்தும் இல்லை, ஐந்தரையும் இல்லை. பெருந்தன்மையாக ஐந்தேகால் கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். எந்த வித்வானும் பாயை விரிக்காத இடம்.

ஒற்றை ஸ்வரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 50-க்கு மேல் 100 கேட்கும், அது மேல் ஸட்ஜம். 150 கேட்கும், அது பஞ்சமம். 200 மறுபடியும் ஸட்ஜம். 250 அந்தர காந்தாரம். நன்றாக ஸ்ருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானாகக் கேட்கும் என்று பாட்டு வாத்தியார்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்களே, அதே காந்தாரம். அவர்களுக்குத் தம்புரா வேண்டியிருக்கிறது. எனக்கு ஒரு மட்டமான பிளக் பாயிண்ட் போதும்.

ஸ்ருதி சுத்தமும் அபாரம். 2013 டிசம்பர் 31-ல் தென்னாட்டு மின்கட்டமைப்பை மற்ற பகுதிகளோடு இணைத்தார்கள். அதற்கு முன்பு தெற்கு ஒரு ஸ்ருதி, வடக்கு ஒரு ஸ்ருதி. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒரே ஸ்ருதியில் ம்ம்ம் என்கின்றன. இதைவிடப் பெரிய ஜுகல்பந்தி உண்டா? அதுவும் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்று விதி. அரைக் கட்டையில் இருபதில் ஒரு பங்குதான் அங்கே இங்கே நகரலாம். மார்கழியில் நான் காசு கொடுத்துக் கேட்ட கச்சேரிகளில் பாதி இந்தப் பரீட்சையில் தேறாது. அமெரிக்காவில் இன்னும் பரிதாபம். அங்கே 60 ஹெர்ட்ஸ். ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நட்ட நடுவே திரிசங்குவாகத் தொங்குகிறது. டாலரில் சம்பாதித்து என்ன பிரயோஜனம்?

எங்கே விட்டேன்? ஆம், ஒன்றும் பதிவாகவில்லை.

மதியம் எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார். சிந்தசைசர் ஹால் பிளக்கில், லேப்டாப் சார்ஜர் பெட்ரூம் பிளக்கில். இரண்டும் சுவருக்குள் எர்த்தில் கைகோர்க்கின்றன. வெளியே என் ஆடியோ கேபிளின் உறையில் மறுபடியும் கைகோர்க்கின்றன. வட்டம் முழுசாகிவிட்டது, கரண்ட் அதில் கும்மியடிக்கிறது. "மூணாவது பின்னைக் கட் பண்ணிடுங்க சார், சத்தம் போயிடும்" என்றார். சத்தம் போகும், சரி. பின்னாலேயே ஒருநாள் நானும் போவேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகினேன். குறைந்தது. போகவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். ம்ம்ம் சுத்தமாக நின்றது. எட்டு நிமிடத்தில் லேப்டாப்பும் நின்றது.

இதற்கென்றே டிஐ பாக்ஸ் என்று ஒரு டப்பா உண்டு. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், சத்தத்தை விடும், எர்த்தை விடாது. என்னிடமும் இருக்கிறது. அலமாரியில், கேபிள்களுக்கு அடியில் எங்கோ.

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த வியாதியைப் பெரியவர்கள் நாற்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 1983-ல் போட்டி சிந்தசைசர் கம்பெனிக்காரர்களான டேவ் ஸ்மித்தும் இகுதாரோ காகெஹாஷியும் முன்னின்று, வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேச மிடி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கலிஃபோர்னியாவில் புராஃபெட்-600, ஜூபிடர்-6 என்ற இரண்டு சிந்தசைசர்களை ஒரு வயரால் இணைத்து, இதை அமுக்கினால் அது பாடும் என்று காட்டினார்கள். அந்த மிடி உள்வாயிலுக்குள் ஒரு குட்டி விளக்கு. வருகிற செய்தி விளக்கை மினுக்கும், எதிரே ஒரு கண் பார்த்துக்கொள்ளும். ஒளிதான் தாண்டும், எர்த் தாண்டாது. போட்டிக் கம்பெனிகள் ஒன்றாக உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாத என் ஹாலில் ம்ம்ம் வரக் கூடாதே என்று விளக்கு ஏற்றி வைத்தார்கள். நாம் என்ன செய்தோம்? ஐந்து பின் மிடி வயர் பழசாகத் தெரிகிறது என்று யுஎஸ்பியைச் சொருகி எர்த்தைத் திரும்ப வீட்டுக்குள் அழைத்துக்கொண்டோம்.

நடுவில் பஃபர் என்று ஒரு சள்ளை, கம்ப்யூட்டர் சத்தத்தை எவ்வளவு சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே விடலாம் என்கிற கணக்கு. 256-ல் வைத்தால் சத்தம் சட்டென்று வருகிறது, கூடவே சடசடவென்று வேர்க்கடலை வறுபடுகிறது. 1024-ல் வைத்தால் வறுபடுவது நிற்கிறது. ஆனால் விரலுக்கும் காதுக்கும் நடுவே ஒருவர் டீ குடித்துவிட்டு வருகிறார். விடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்குத்தான் உச்சகட்ட அவமானம். சோர்ந்துபோய், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருளையே திறந்தேன். பழைய ஸ்டூடியோக் கருவியை அச்சு அசலாக நகலெடுத்தது. ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச்: 50, 60, ஆஃப். என்ன என்று தட்டினேன்.

ம்ம்ம்ம்.

காசு வாங்கிக்கொண்டு ம்ம்ம் விற்கிறார்கள்! ஐரோப்பிய ம்ம்ம் வேண்டுமா, அமெரிக்க ம்ம்ம் வேண்டுமா என்று ருசி கேட்டு விற்கிறார்கள். பழைய கருவியின் வெதுவெதுப்பு அதில்தான் இருக்கிறதாம். உலகம் முழுவதும் நல்ல நிசப்தத்தை வாங்கி அதில் ம்ம்ம் கலந்துகொண்டிருக்க, நான் ஒருவன் கலப்படமில்லாத நாட்டு ம்ம்மை வைத்துக்கொண்டு அதை விரட்டப் பகல் முழுதும் பாடுபட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் ரோஷம் வந்துவிட்டது. சிந்தசைசரில் ட்யூன் குமிழ் என்று ஒன்று உண்டு. ம்ம்ம் இறங்கி வராவிட்டால் நான் ஏறிப் போகிறேன் என்று, வாத்தியத்தையே கொஞ்சம் ஏற்றி ஐந்தேகால் கட்டையில் நிறுத்தினேன். மோகனத்தில் நாற்பது செகண்டு வாசித்தேன். ம்ம்ம் பின்னால் சமர்த்தாக நின்றது. அக்காவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

அக்கா எட்டு வருஷம் பாட்டுக் கற்றவள். நேற்று காலை போன்.

"டேய், அந்தத் தம்புரா இருக்கே, பிரமாதம்டா! எங்க புடிச்ச? அப்படியே மனசு அடங்குது."

நான் அடக்கமாக இருமினேன்.

"அதுக்கு மேல என்னமோ கீ-கீன்னு ஒரு பெட்டி சத்தம் வருதே, அதை மட்டும் எடுத்துட்டுக் குடுக்க முடியுமா?"

எடுத்துவிட்டுக் கொடுத்தேன். வளைகாப்பு வீடியோவில் நாற்பது செகண்டுக்கு இப்போது எங்கள் ஹால் பிளக் பாயிண்ட் தனிக் கச்சேரி செய்கிறது.

சரி, மனைவி கேட்ட கேள்வி. வெளியில் தனியாக ஒரு சிந்தசைசர் ஏன் வேண்டும் என்றால், அதற்குக் காரணம் மிகவும் எளிது. அதாவது... இருங்கள், காலிங் பெல். ஞாயிறன்று ஆர்டர் போட்ட இரண்டு கேபிளும் வந்துவிட்டது போலிருக்கிறது. அவள் கதவைத் திறப்பதற்குள் நான் போயாக வேண்டும்.