ரப்பரும் எடுத்துட்டுப் போ

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. நாலு பேப்பரை ஒட்டி வம்சாவளிப் படம் போட்டிருக்கியாமே, காட்டு. அட, உச்சியில சோழ ராஜாவோட தளபதியா! வைத்தீஸ்வரன்கோயில்ல பெருவிரல் ரேகை குடுத்து ஓலை பாத்தியா? இருக்கட்டும், நமக்குப் பெருமைதான். ஒரு சந்தேகம் மட்டும். இந்தச் சீமையில யாரைக் கேட்டாலும் தளபதி பேரன், மந்திரி பேரன்கிறான். அப்போ நாத்து நட்டவனுக்குப் புள்ளகுட்டியே இல்லையாடா?

நம்ம ஊரையே எடுத்துக்க. இன்னைக்குக் காரைக்கால் கோவில்பத்து. சம்பந்தர் வந்து பாடினப்போ இது திருத்தெளிச்சேரி. பார்வதீஸ்வரர் அங்கேயேதான் இருக்காரு, ஊருதான் பேரை மாத்திக்கிச்சு. ஊருக்கே தன் பேரு தங்கல. நீ பன்னெண்டு தலைமுறைப் பேரைத் தடங்கலில்லாம ஒப்பிக்கிற. கெட்டிக்காரன்!

காரைக்கால்ல ஆதிக் குடும்பக் கதைன்னா அம்மையார் கதைதான். புனிதவதி கையில மாம்பழம் வந்த அதிசயத்தைப் பாத்து மெரண்ட பரமதத்தன் என்ன செஞ்சான்? யாவாரம்னு சொல்லிக் கப்பலேறினான். பாண்டி நாட்டுல கரையெறங்கி இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டான். அவளுக்குப் பொறந்த பொண்ணுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா? புனிதவதி! ஆனி மாசம் மாங்கனி எறைக்கும்போது முண்டியடிச்சுப் புடிக்கிறியே, இதை என்னைக்காவது யோசிச்சியா? ஊரை விட்டுப் போனவன் பேரை மட்டும் விட்டுட்டுப் போகல.

ஊரை விட்டுப் போறது பரமதத்தனோட நிக்கல. 1850-க்கு அப்புறம் பிரெஞ்சுக்காரன் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் சேத்தான். புதுச்சேரியிலேருந்தும் நம்ம துறையிலேருந்தும் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப்புன்னு சனம் போச்சு. குவாதலூப்புக்கு முதக் கப்பல் 'ஓரேலி' போய்ச் சேந்தது 1854 டிசம்பர் 24. அதுலேருந்து 1889 வரைக்கும் அந்த ஒரு தீவுக்கே நாப்பதாயிரம் பேருக்கு மேல.

அங்க 1863-ல ஒரு புள்ள பொறந்துச்சு, ஆன்ரி சிதாம்பரோம்னு. கூலிக்குப் போனவங்க புள்ளைங்களுக்கும் குடியுரிமை வேணும், ஓட்டு வேணும்னு 1904-லேருந்து 1923 வரை வழக்காடி ஜெயிச்ச மனுஷன். 'சிதாம்பரோம்' என்னன்னு தெரியுதா? நமக்கு வடக்கால இருக்குற சிதம்பரந்தான். எழுதின குமாஸ்தா காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி.

உடனே அந்தத் தீவுங்கள்ல ராமசாமிங்கிற பேரைப் பாத்ததும் 'சித்தப்பா'ன்னு கடுதாசி போட்டுடாதே. காரைக்கால்ல கப்பலேறினவன் எல்லாம் காரைக்காலான் இல்ல. மேஸ்திரிங்க இங்கிலீஷ்காரன் சீமைக்குள்ள பூந்து, தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் ஆள் சேத்துக் கூட்டியாந்தது நெறைய. அவன் பேரோட அப்பன் பேரு, ஊர் பேரு மூணும் சேந்து வந்தாத்தான் ஒறவு. பேரு மட்டும் பொருந்துனா, ராமசாமிக்கா பஞ்சம்?

இங்கேயே இருந்தவனையும் நம்பாதே. 1881-ல ஒரு சட்டம் வந்துச்சு. சொந்த மதச் சட்டம் வேணாம், பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வர்றேன்னு எழுதிக் குடுத்தவன் புதுசா ஒரு குடும்பப் பேரு வச்சுக்கணும். அண்ணன் எழுதிக் குடுத்து தம்பி குடுக்கலேன்னா, ஒரு வயித்துப் புள்ளைங்களே வேற வேற ஆளாத் தெரிவானுங்க. நீ ரெண்டு வம்சமாக் கோடு இழுத்துட்டு நிப்ப. மேரிங்கிற நகராட்சி ஆபீஸ்ல பதிவேட்டைப் பொரட்டும்போது இது நெனப்புல இருக்கட்டும்.

சரி, இது என்ன? எங்க தாத்தாவோட சித்தப்பனுக்கு நேரா கட்டம் போட்டு 'வாரிசு இல்லை'ன்னு எழுதியிருக்க. உனக்கு யார் சொன்னா? ஆளு காணாமப் போனான். வாரிசு இல்லேன்னு ஆயிடுமா? தரகன்கிட்ட அவன் பட்ட கடனைப் பத்தி எங்க வீட்டுப் பொம்பளைங்க அடுப்படியில மட்டுந்தான் பேசுவாங்க. ஆம்பளைங்க தலையக் காட்டினா 'கொழம்புக்கு உப்பு போதுமா'ன்னு பேச்சு திரும்பிடும். எங்க அண்ணி, அதான் உங்க அப்பாயி, மாமியார் வாயிலேருந்து முழுசாக் கேட்டவ. அவகிட்ட போய் 'நம்ம வம்சப் பெருமை சொல்லு'ன்னு ஆரம்பிக்காதே, வாயே தொறக்க மாட்டா. 'சின்னவன் ஏன் கப்பலேறினான்?'னு கேளு. காது மந்தம், கொஞ்சம் கத்திக் கேளு.

போறப்ப ஒரு கவுளி வெத்தலை வாங்கிட்டுப் போ. அப்படியே ஒரு ரப்பரும். உச்சியில தளபதி நிக்கிறானே, அந்த எடம் வேண்டியிருக்கும்.